மகுடம் போன பிறகு: மாஸ்கோ ஹோட்டலும் சிங்கம்பட்டி மலையும்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க. (ஏன் டீன்னு பாதியில புரியும்.)

அமோர் டௌல்ஸ்னு ஒரு அமெரிக்கர் 2016ல எழுதின ‘எ ஜென்டில்மேன் இன் மாஸ்கோ’ நாவலைப் படிச்சு முடிச்சேன். 2024ல டிவி தொடராவும் வந்துச்சு. கதை ஒரே வரிதான். ரோஸ்டோவ்னு ஒரு ரஷ்யப் பிரபு. 1922ல போல்ஷெவிக் விசாரணைக் கூண்டுல நிக்கிறார். அந்தக் காலத்துல பிரபுன்னா நேரா துப்பாக்கிதான். ஆனா புரட்சிக்கு ஆதரவா முன்னாடி வந்த ஒரு கவிதை அவர் பேர்ல இருக்கிறதால உசுரோட விடறாங்க. தண்டனை என்னன்னா, அவர் தங்கியிருந்த மெட்ரோபோல் ஹோட்டலை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. வச்சா சுட்டுருவாங்க. பெரிய சூட்ல இருந்தவரை மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற சின்ன ரூமுக்குத் தள்ளிடறாங்க. மனுஷன் அசரல. அதே ஹோட்டல் ரெஸ்டாரண்டுல சர்வர் வேலை பார்த்து, முப்பது வருஷத்துக்கு மேல அங்கேயே வாழ்க்கையை ஓட்டறார். முடிவைச் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க.

அருமையான நாவல்தான், மறுக்கல. ஆனா படிக்கப் படிக்க ஒரு நெருடல் வந்துகிட்டே இருந்துச்சு. பிரபு இழந்தது எல்லாம் நமக்கு அழகா, பட்டியல் போட்டுக் காட்டப்படுது. பாட்டியோட மேஜை, ஒயின், புத்தகம், பழக்க வழக்கம்னு. அந்தப் பண்ணையில உழைச்சவன் என்ன ஆனான்? அவன் கதை ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிற அளவுக்குத்தான் வருது. கிரீடம் போனவன் எப்படி வாழ்ந்தான்ங்கிற கேள்வி நாவலுக்கு ரொம்ப ருசியானது. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கணும்: அவனுக்குக் கீழே இருந்தவங்க எப்படி வாழ்ந்தாங்க?

சரி, நம்ம ஊர்ல இப்படி யாராவது உண்டான்னு தேட ஆரம்பிச்சேன்.

மதுரையில தேடினா வேலைக்கு ஆகாது. விளாங்குடியில பஸ் ஏறினா போய்ச் சேர்ந்துடற தூரத்துல திருமலை நாயக்கர் மஹால் இருக்கு. ஆனா அந்த வம்சத்தோட ஆட்சி 1730கள்லயே முடிஞ்சு போச்சு. மஹாலும் வெள்ளைக்காரன் காலத்துல கோர்ட்டாகி, ரொம்ப வருஷம் அப்படியே ஓடுச்சு. ராஜா வாழ்ந்த இடத்துல வாய்தா வாங்கிக்கிட்டு நின்னிருக்காங்க நம்மாளுங்க. நமக்கு வேண்டியது ரஷ்யப் பிரபு மாதிரி, ஒரே ஆயுசுல ராஜாவாவும் இருந்து சாதாரண ஆளாவும் இருந்தவங்க. அப்படிப் பார்த்தா 1948க்குத்தான் வரணும்.

நம்ம ஊர் புரட்சி துப்பாக்கியில வரல, கெஜட்டுல வந்துச்சு. 1802-03ல கம்பெனிக்காரன் பாளையக்காரங்களை ஜமீன்தாராக்கி சன்னது கொடுத்தான். எதிர்த்த மருது சகோதரர்களை 1801ல தூக்குல போட்டாச்சு, மீதி இருந்தவங்களுக்கு பட்டம். ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்றைக்கும் மாறாதுன்னு நிர்ணயம். ஆனா ரயத்து ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டியதுக்கு அந்த மாதிரி ஒரு உறுதி கிடையாது. பாருங்க, எவ்வளவு சுகமான ஏற்பாடு! 1908ல வந்த எஸ்டேட் நிலச் சட்டம்தான் ரயத்துக்குக் கொஞ்சமாவது பிடிமானம் கொடுத்துச்சு. 1937ல ராஜாஜி ஆட்சிக்கு வந்தப்போ பிரகாசம் தலைமையில ஒரு குழு போட்டாங்க. நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரன் ரயத்துதான்னு அந்தக் குழு சொல்லிடுச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1948ல, மெட்ராஸ் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். சுருக்கமா ஜமீன் ஒழிப்பு.

சும்மா பிடுங்கல. நஷ்ட ஈடு உண்டு. அடிப்படை ஆண்டுத் தொகைன்னு ஒண்ணு கணக்குப் போட்டு, சின்ன ஜமீனுக்கு அதுல 30 மடங்கு வரைக்கும், பெரிய ஜமீனுக்கு 12.5 மடங்கு. பண்ணை நிலத்துக்கு ஜமீன்தாரே பட்டா வாங்கிக்கலாம். ரயத்து உழுத நிலத்துக்கு ரயத்து பட்டா வாங்கிக்கலாம். காடு, தரிசு எல்லாம் அரசாங்கத்துக்கு. இதே மாதிரி பீகார் சட்டத்தை 1951ல பாட்னா ஐகோர்ட் செல்லாதுன்னு சொன்னதும், நேரு அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதல் தடவையா திருத்தி, ஒன்பதாவது அட்டவணைன்னு ஒண்ணை உருவாக்கி, 13 சட்டங்களை அதுக்குள்ள பத்திரமா பூட்டி வச்சார். நம்ம மெட்ராஸ் சட்டமும் அதுல இருக்கு. பெரிய விஷயம்தான். லட்சக்கணக்கான பேருக்கு, தாத்தா உழுத நிலம் முதல் தடவையா தன் பேருக்கு வந்துச்சு. இதைக் குறைச்சு மதிப்பிடறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

இப்ப ராஜாக்கள்.

ராமநாதபுரம் சண்முக ராஜேஸ்வர சேதுபதி ரொம்ப வேகமா ஆட்டத்தைப் புரிஞ்சுக்கிட்டவர். 1949ல ஜமீன் போச்சு. 1952 தேர்தல்ல ராமநாதபுரத்துல நின்னு ஜெயிச்சு, ராஜாஜி மந்திரி சபையில மந்திரி. 1954ல காமராஜ் வந்து எட்டு பேரை மட்டும் வச்சு மந்திரி சபை அமைச்சப்பவும் இவர் உள்ளே. அதே மந்திரி சபையில நில வருவாய்த்துறை மாணிக்கவேலு நாயக்கர் கையில. அதாவது இவர் ஜமீனை எடுத்துக்கிட்ட இலாகாவோட மந்திரி கூட ஒரே மேஜையில உட்கார்ந்து ஃபைல் பார்த்திருக்கார். நேத்து வரைக்கும் கும்பிட்ட ஜனங்ககிட்ட, இன்னிக்கு இவர் கும்பிட்டு ஓட்டு கேட்டிருக்கார். ரஷ்யப் பிரபு சர்வரானதை விட இது எனக்கு சுவாரஸ்யமா படுது.

புதுக்கோட்டை வேற மாதிரி. அது ஜமீன் இல்ல, சமஸ்தானம். 11 குண்டு மரியாதை உள்ள ராஜா. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915ல ஆஸ்திரேலியப் பொண்ணு மோலி ஃபிங்கைக் கல்யாணம் பண்ணி, வெள்ளைக்கார அரசாங்கம் அதை ஏத்துக்காம, நாட்டை விட்டே போய் 1928ல பாரிஸ்ல இறந்தார். (இதுவே ஒரு தனி நாவல்.) அவர் மகனைத் தள்ளி வச்சுட்டு, ஆறு வயசு ராஜகோபால தொண்டைமானுக்கு பட்டம் கட்டினாங்க. அந்தப் பையன் வளர்ந்து, முழு அதிகாரம் கைக்கு வந்தது 1944ல. 1948 மார்ச் 3ல சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சு திருச்சி ஜில்லாவுக்குள்ள போயிருச்சு. நாலே வருஷம்! 1971ல மன்னர் மானியமும் போச்சு. கல்யாணமே பண்ணிக்கல. 1974ல புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனப்போ அவரோட புது அரண்மனைதான் கலெக்டர் ஆபீஸ். இன்னிக்கும் அங்கே போறவங்க கையில மனு இருக்கும். 1997 வரைக்கும் வாழ்ந்தார். 26 வயசு ஆகறதுக்கு முன்னாடி ராஜா வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் 49 வருஷம். நம்ம வயசுல ரிட்டயர்மெண்ட்! நினைச்சுப் பாருங்க.

ஆனா ரோஸ்டோவ் கதைக்கு ஜோடின்னு சொன்னா என் ஓட்டு சிங்கம்பட்டிக்குத்தான். ‘சீமராஜா’ படம் (2018) பார்த்தவங்களுக்குப் பேர் ஞாபகம் இருக்கும். படத்தை விடுங்க, நிஜம் அதை விடப் பெரிசு.

*

சிங்கம்பட்டி திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் பக்கம். பொதிகை மலை அடிவாரம். கீழே வயல், மேலே காடு. ஜமீனுக்குச் சொந்தமா மலையே இருந்துச்சு.

கதை மெட்ராஸ் தேனாம்பேட்டையில ஆரம்பிக்குது. நியூயிங்டன் ஹவுஸ்னு ஒரு பங்களா. மைனர் ஜமீன்தார் பசங்களைக் கொண்டு வந்து வெள்ளைக்கார துரை மாதிரி வளர்க்கிறதுக்கான பள்ளி. அதோட தலைவர் கிளமெண்ட் டி லா ஹே. 1919 அக்டோபர் 15 ராத்திரி, தூங்கிக்கிட்டிருந்தவரை யாரோ சுட்டுக் கொன்னுட்டாங்க. சந்தேகம் கூடப் படிச்ச ரெண்டு பேர் மேல. ஒருத்தர் கடம்பூர், இன்னொருத்தர் சிங்கம்பட்டி வாரிசு. சிங்கம்பட்டிப் பையன் அப்ரூவராயிட்டார். மெட்ராஸ்ல நடந்தா நியாயமா இருக்காதுன்னு வழக்கு பம்பாய்க்குப் போச்சு. கடைசியில கடம்பூர்காரர் விடுதலை. யார் சுட்டதுங்கிறது இன்னிக்கு வரைக்கும் கோர்ட்டுல நிரூபணம் ஆகல.

இந்த வழக்குச் செலவுலதான் ஜமீன் கடன்ல முழுகிச்சு, அதனாலதான் மலையைக் குத்தகைக்கு விட வேண்டியதாச்சுன்னு அந்தப் பக்கம் பரவலா சொல்வாங்க. எனக்கு முழு நம்பிக்கை இல்ல. அப்ரூவரானவருக்கு அவ்வளவு வக்கீல் செலவு ஏன்? அதுவும் குத்தகை நடந்தது பத்து வருஷம் கழிச்சு. அந்தக் காலத்துல கடன் இல்லாத ஜமீனே அபூர்வம். விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்ன பாஸ்கர சேதுபதியே கடன்ல தவிச்சவர்தான். ஒரு கொலை, ஒரு பம்பாய் வழக்கு இருந்தா கதை சொல்ல வசதியா இருக்குமே, அவ்வளவுதான்.

குத்தகை மட்டும் உறுதியான தகவல். 1929 பிப்ரவரி 12. சுமார் 8,374 ஏக்கர். 99 வருஷம். எடுத்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன்.

இந்தக் கம்பெனி பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1863ல ஆரம்பிச்ச கம்பெனி. பர்மாவுல தேக்கு வெட்டிக்கிட்டு இருந்துச்சு. வெட்டின மரத்துக்குக் கணக்கு சரியில்லன்னு 1885ல பர்மா அரசவை பெரிய அபராதம் போட, அதையே சாக்கா வச்சு வெள்ளைக்காரன் படையெடுத்து, மன்னர் திபாவைப் பிடிச்சு, மெட்ராஸ் வழியா ரத்னகிரிக்கு நாடு கடத்திட்டான். அங்கேயே முப்பது வருஷம் இருந்து 1916ல இறந்து போனார். (அமிதவ் கோஷோட ‘தி கிளாஸ் பேலஸ்’ நாவல்ல இந்த ரத்னகிரி வாழ்க்கை வரும். சிறையிருக்கிற ராஜா பத்தி மாஸ்கோ நாவலை விட எனக்கு இது ஒரு படி மேல.) திபாவோட பேத்தி ஒருத்தர் ரத்னகிரியிலேயே மராத்தி பேசிக்கிட்டு, ஏழ்மையில வாழ்ந்து மறைஞ்சார். ஆக, ஒரு ராஜா நாடு இழக்கக் காரணமா இருந்த கம்பெனி, நாற்பத்தி நாலு வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல இன்னொரு ராஜாகிட்ட குத்தகைப் பத்திரத்துல கையெழுத்து வாங்குது.

காட்டை அழிச்சு டீ, காபி போட்டாங்க. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வேலைக்கு ஆளுங்க திருநெல்வேலி சீமையில இருந்தும் கேரளாவுல இருந்தும். பெரும்பாலும் தலித் மக்கள், கீழே நிலம் இல்லாதவங்க. குடும்பம் குடும்பமா மேலே ஏறினாங்க.

இப்ப நம்ம கதாநாயகன். முருகதாஸ் தீர்த்தபதி. 1931ல பிறந்தவர். மூணு, மூணரை வயசுலயே பட்டம் கட்டிட்டாங்க. அனுப்பிப் படிக்க வச்சது இலங்கையில, கண்டி டிரினிட்டி காலேஜ். (கண்டியோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனும் மதுரை நாயக்கர் உறவுதான். 1815ல பதவி போய் வேலூர் கோட்டையில இருந்து 1832ல இறந்தார். எங்கே சுத்தினாலும் பதவி போன ராஜாவா வந்து நிக்கிறாங்கப்பா!)

1952ல சிங்கம்பட்டி ஜமீனை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. தீர்த்தபதிக்கு அப்போ இருபது, இருபத்தியொண்ணு வயசு. காடு போச்சு, ரயத்து நிலம் போச்சு. அரண்மனை மிஞ்சுச்சு. இன்னொண்ணும் மிஞ்சுச்சு: சொரிமுத்து அய்யனார் கோயில். காரையாறு காட்டுக்குள்ள, தாமிரபரணிக் கரையில இருக்கு. ஆடி அமாவாசைக்கு ஜனம் குடும்பத்தோட குடிசை போட்டுத் தங்கும். அந்த ஒரு நாள், ஜமீன்தார் ராஜ உடை போட்டு, தலைப்பாகை கட்டி, வாளோட வந்து உட்கார்ந்து காட்சி கொடுக்கணும். அது வழக்கம். எந்த ஒழிப்புச் சட்டமும் அதை ஒழிக்கல. வருஷா வருஷம் தீர்த்தபதி வந்து உட்கார்ந்தார். மத்த 364 நாளும் ஓட்டர் லிஸ்ட்ல ஒரு பேர். அந்த ஒரு நாள் மகாராஜா. 2020 மே 24, லாக்டவுன் நேரத்துல, தன்னோட 89வது வயசுல காலமானார். முறைப்படி முடி சூட்டிக்கிட்ட கடைசி ராஜான்னு எல்லாப் பத்திரிகையும் எழுதுச்சு. அரை நூற்றாண்டுக்கும் மேல, சட்டப்படி இல்லாத ஒரு பதவியை, யார்கிட்டயும் வம்பு பண்ணாம, மரியாதையா வகிச்சிருக்கார். எனக்கு அவர் மேல மரியாதை உண்டு. டௌல்ஸ் இங்கே பிறந்திருந்தா ஹோட்டலைத் தேடிப் போயிருக்க மாட்டார், நேரா காரையாறுக்குத்தான் பஸ் ஏறியிருப்பார்.

நாவலாசிரியர்னா இந்த இடத்துல வெள்ளித் தலைப்பாகையையும் ஆத்துச் சத்தத்தையும் எழுதி முடிச்சுடுவார். நமக்கு இன்னும் மலை மேல ஏற வேண்டிய வேலை இருக்கு.

ராஜா பதவி போன அன்னிக்கு குத்தகை என்ன ஆச்சு? அங்கதான் சங்கதி. ஒழிப்புச் சட்டத்துலயே ஒரு பிரிவு இருக்கு. ஜமீன்தார் முன்னாடியே நியாயமா போட்டு வச்ச குத்தகை இருந்தா, அது செல்லும். ஜமீன்தார் இடத்துல அரசாங்கம் வந்து நிக்கும். வேணும்னா பொது நன்மைக்காக அரசாங்கம் ரத்து செய்யலாம். செய்யல. நம்ம தொழில் பாஷையில சொல்லணும்னா, சர்வரை மாத்திட்டாங்க, பழைய காண்ட்ராக்ட் அப்படியே மைக்ரேட் ஆயிருச்சு. கம்பெனி பழைய மாதிரியே டீ பறிச்சுது. வாடகை மட்டும் வேற கல்லாவுக்குப் போச்சு. கம்பெனி வெள்ளைக்காரங்க கையை விட்டு இந்தியர் கைக்கு மாறிச்சு. அதுக்கும் குத்தகை அசையல.

தொழிலாளிக்கு என்ன கிடைச்சுது? கீழே சமவெளியில இருக்கிற ரயத்துக்கு பட்டா. மலை மேல தலைமுறையா செடிக்கு நடுவுல குனிஞ்சு நின்னவங்க சட்டப்படி ரயத்து இல்ல, கூலி. அதனால பட்டா கிடையாது. குடியிருந்த லைன் வீடு வேலையோட ஒட்டின வீடு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. ஜமீன்தாருக்குப் பண்ணை நிலம் மிஞ்சுச்சு, நஷ்ட ஈடு வந்துச்சு, கோயில் மரியாதை தொடர்ந்துச்சு. கம்பெனிக்குக் குத்தகை தொடர்ந்துச்சு. மலையில வேலை பார்த்தவங்களைத் தொடாமலே நம்ம ஊர் புரட்சி அவங்க பக்கத்துல கடந்து போயிருச்சு.

அப்புறம் 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டுப் போராடி, கைதானவங்களை விடுவிக்கச் சொல்லி மாஞ்சோலைத் தொழிலாளிகள் திருநெல்வேலியில ஊர்வலம் போனாங்க. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ் பக்கம் போலீஸ் தடியடி. தப்பிக்க ஆத்துல இறங்கினாங்க. 17 பேர் செத்துப் போனாங்க. அதுல ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு. அதே தாமிரபரணிதான். மேலே சொரிமுத்து அய்யனார் கோயில் வாசல்ல ஓடுதே, அதே ஆறு.

இதுக்கு நடுவுல அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வந்தாச்சு. காடு காடாகணும்ங்கிறதுல எனக்கு மறுபேச்சு இல்ல. காட்டை அழிச்சது தப்புன்னா, அழிக்கச் சொல்லிக் கையெழுத்து போட்டவங்க வேற, அழிச்ச இடத்துல பிறந்தவங்க வேற. 2024ல கம்பெனி கிளம்பறதுன்னு முடிவு பண்ணி, விருப்ப ஓய்வு வாங்கிக்கிட்டு வீட்டைக் காலி பண்ணுங்கன்னு தொழிலாளிகளுக்குச் சொல்லிடுச்சு. நாலாவது, அஞ்சாவது தலைமுறை. வழக்கு நம்ம மதுரை ஒத்தக்கடை ஐகோர்ட் கிளைக்கு வந்துச்சு. அரசோட டான்டீ நிறுவனமே எஸ்டேட்டை எடுத்து நடத்தணும்னு கேட்டாங்க. 2024 டிசம்பர்ல கோர்ட் அதை ஏத்துக்கல.

ரோஸ்டோவுக்குத் தண்டனை, இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாதேங்கிறது. மாஞ்சோலைக்காரங்களுக்கு, இந்த வீட்டுக்குள்ள இனிமே இருக்காதேங்கிறது. முதலாவதைப் பத்தி நானூத்திச் சொச்சம் பக்கத்துல ஒரு நாவல் இருக்கு, உலகமே படிச்சுது. ரெண்டாவதைப் பத்தி நம்மாளுங்க யாராவது எழுதணும். லைன் வீட்டுல பிறந்து, லைன் வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போய், ஓய்வு பெறும் நாள்ல சாவியைத் திருப்பிக் கொடுத்த ஒரு அம்மாவோட கதையா இருந்தா, முதல் ஆளா வாங்கிப் படிப்பேன்.

தீர்த்தபதியோட முன்னோர் 1929ல போட்ட அந்தக் குத்தகைப் பத்திரத்துக்கு 99 வருஷம் முடியறது 2028 பிப்ரவரியில. ஜமீன் போய், மன்னர் போய், கம்பெனியும் கிளம்பின பிறகும் அந்தத் தேதி மட்டும் பாக்கி இருக்கு.